கீழ்க்கை போட்ட கோடு

செண்பகவல்லி தன் பெயரை எழுதுவதைப் பார்ப்பதில் ஜெபசிங்குக்குத் தினமும் ஒரு சந்தோஷம். வருகைப் பதிவேட்டின் மேல் குனிந்து, பேனாவைக் கொத்துக்கரண்டி பிடிப்பது போல இறுக்கிப் பிடித்து, கட்டத்தின் இடது ஓரத்தில் கொஞ்சம் இடம் விட்டு முதலில் 'ச' போடுவாள். பிறகு விட்ட இடத்துக்குத் திரும்பி வந்து, அதற்கு முன்னால் கொம்பை வளைப்பாள். அதன் பிறகுதான் மற்ற எழுத்துகள் ஒவ்வொன்றாக வந்து உட்காரும்.

"கொம்பு முதல்லக்கா. அப்புறந்தான் ச."

"வாயில முதல்ல 'ச'ன்னுதானய்யா வருது. கன்னுக்குட்டி கொம்போடயா பொறக்கு? பொறந்த பெறகுதான முளைக்கும்."

"படிச்சதுல இருந்து இப்படியேதான் எழுதுதீங்களா?"

"ஒரு நாளும் மாத்தினது கெடையாது. மாத்தினா கை நின்னு போகும்."

கோவில்பட்டிக்கு வெளியே, மூடிப்போன ஒரு பஞ்சாலையின் மாடியில் இருந்தது அந்த ஆபீஸ். முப்பது வருடம் சித்தாளாகச் சாந்துச்சட்டி சுமந்த செண்பகவல்லி, இடுப்பு ஒத்துழைக்காமல் போனபின் அங்கே தரை துடைக்கச் சேர்ந்தவள். ஒரு நாள் ஜெபசிங் அவளை உட்காரச் சொல்லி, வலது கையில் ஓர் உறையை மாட்டிவிட்டான். முழங்கை வரை வரும் உறை. உள்ளே நரம்பு நரம்பாகக் கம்பிகள். பொத்தானைத் தட்டியதும் அவள் கை தானாக நகர்ந்து தாளில் என்னவோ எழுத ஆரம்பித்தது. பதறிப்போய் இடது கையால் வலது கையைப் பிடித்துக்கொண்டாள்.

"பயப்படாதீங்கக்கா. இது வேற ஒருத்தர் கை. அவர் செத்து இருநூறு வருசத்துக்கு மேல ஆச்சு."

"பேய்ன்னு நேராச் சொல்லேன்."

சிரித்துவிட்டு விளக்கினான். "பழைய தாள்ல மை எங்க ஆழமா இறங்கியிருக்கு, எந்தக் கோட்டு மேல எந்தக் கோடு ஏறியிருக்குன்னு மிஷின் பாத்துக்கிடும். அதை வச்சு, எழுதினவர் கை எப்படி அசைஞ்சுதோ அப்படியே உங்க கையை அசைக்கும். இது அவர் கைதானா, வேற ஆள் கையான்னு நீங்க சொல்லணும்."

"அதை அந்த மிஷினே சொல்லாதா?"

"சொல்லும். மனுசக் கை ஒண்ணும் சேந்து சொல்லணும்னு சட்டம்."

"எனக்கு இங்கிலீசுல ஒரு எழுத்து தெரியாதே."

"அதனாலதான் கூப்பிட்டேன். படிச்ச கை முந்திக்கிடும். அடுத்து என்ன வார்த்தை வரும்னு தெரிஞ்சா அதுவா எழுத ஆரம்பிச்சிரும். எங்களுக்கு ஒண்ணும் தெரியாத கை வேணும்."

செண்பகவல்லி தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். சிமெண்ட் தின்று ரேகை மங்கிய கை. "ஒண்ணும் தெரியாததுக்கும் ஒரு மவுசு வந்துட்டு பாரு."

செத்தவர்களைப் பேச வைக்கும் வித்தை அப்போது எல்லா நாட்டுக்கும் வந்துவிட்டிருந்தது. ஒருவர் எழுதி வைத்ததையெல்லாம் ஊட்டினால், அவரைப் போலவே யோசித்து அவரைப் போலவே பேசும் ஓர் உருவத்தைச் செய்துவிடலாம். ஆளாளுக்குத் தங்கள் சௌகரியப்படி பெரிய மனிதர்களைப் பேச வைத்து ஊர் இரண்டுபட்ட பிறகு ஒரு சட்டம் வந்தது. செத்தவர் தன் கைப்பட எழுதியதை மட்டும்தான் அவர் உருவத்துக்கு ஊட்டலாம். கை அவருடையதுதான் என்று மிஷினோடு ஒரு மனிதரும் கையெழுத்துப் போட வேண்டும்.

செண்பகவல்லியின் பங்குக்கு வந்தது எலியாஸ் கார்வெல் என்பவரின் கை.

"அமெரிக்கா தனி நாடானப்ப அதுக்கு அஸ்திவாரம் போட்டவங்கள்ல ஒருத்தர்க்கா இவர்" என்றான் ஜெபசிங்.

"அஸ்திவாரம் போட்டாரா? அப்போ மண்ணு சுமந்தது யாரு?"

அவன் கொஞ்சம் திகைத்துத்தான் போனான். "அடிமைங்கதான். இவர் வீட்டுலயே முப்பது பேர் இருந்தாங்க. ஆனா சாகப்போற சமயத்துல கடைசிக் கடுதாசில எல்லாரையும் விடுதலை பண்ணிட்டாரு. 'ஒருவர் கை இன்னொருவர் உடைமை ஆகாது'ன்னு எழுதி, அதுக்குக் கீழ ஒவ்வொருத்தர் பேரா எழுதியிருக்காரு. அந்த வரியை மண்டபத்துல கல்லுல வெட்டி வச்சிருக்காங்க. அங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க மனப்பாடமாச் சொல்லும்."

"பரவால்லையே."

"ஒரே ஒருத்தி பேரை மட்டும் விட்டுட்டாரு. ஏன்னு இன்னைக்கு வரைக்கும் அடிச்சிக்கிடுதாங்க."

ஒன்றரை வருடம் அந்தக் கையோடு பழகினாள். பழகப் பழக ஆளே தெரிய ஆரம்பித்தார். அழுத்தாமல் எழுதுகிற கை. வரி முடிகிற இடத்தில் சாட்டையைச் சொடுக்குவது போல ஒரு சுழற்று. ஒரு கடிதத்தில் மட்டும் அந்தக் கை ஊர்ந்து ஊர்ந்து போய், ஒரு வார்த்தையில் வந்து ரொம்ப நேரம் நின்றது. அது செத்துப்போன மகளைப் பற்றியது என்று ஜெபசிங் சொன்னபோது, "தெரியும். கை அழுதுட்டுல்லா" என்றாள்.

இன்னொரு நாள் வந்த தாளில் கை அவ்வளவு லேசாக, தண்ணீரில் துடுப்புப் போடுவது போலப் போயிற்று. இவ்வளவு நாளில் இதுதான் நல்ல எழுத்து என்று அவளுக்குப் பட்டது. "என்னய்யா எழுதியிருக்காரு, பாட்டு கீட்டா?" என்று கேட்டாள். ஜெபசிங் சொல்லத் தயங்கினான். ஓடிப்போன அடிமை ஒருவனைப் பிடித்துத் தரச் சொல்லும் அறிவிப்பு. முதுகில் என்னென்ன தழும்பு இருக்கும் என்று வரிசையாக எழுதியிருந்தது. "கை கொஞ்சங்கூட நடுங்கலையே" என்றாள் செண்பகவல்லி. உறையைக் கழற்றிவிட்டுப் போய் சோப்புப் போட்டுக் கை கழுவினாள். மறுநாள் மகள் கடிதத்தின் இன்னொரு பக்கம் வந்தது. அதே கைதான். அதையும் எழுதியது, இதையும் எழுதியது. உறைக்குள் கையை விடும்போதெல்லாம் இப்போது எந்த ஆள் வரப் போகிறாரோ என்று இருந்தது அவளுக்கு.

ஜூன் மாதம் கடைசிக் கடிதம் வந்தது.

உறை அசைந்த முதல் நொடியிலேயே அவள் முகம் மாறியது. கை கனத்தது. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு தூக்கு, ஒரு இறக்கு. கோடு போகும்போது இரண்டு மடங்கு அழுத்தம். வரி முடிந்ததும் அடுத்த வரிக்குப் போக முழங்கையே எழும்பித் திரும்பியது. பெயர்கள் ஒவ்வொன்றாக இறங்கி வந்தன. கடைசிப் பெயர் முடிந்த பிறகு கை நின்றது. கனம் அப்படியே இருக்க, அடியிலிருந்து ஏதோ ஒன்று மெல்ல உந்தியது. மேலிருந்து கீழாகக் கொஞ்சம் வளைந்து ஒரு கோடு. அதோடு சரி.

செண்பகவல்லி உறையைக் கழற்றவில்லை.

"அக்கா? மிஷின் 'முதுமை நடுக்கம்'னு சொல்லுது. அவர் கைதான?"

"இது ஒத்தக் கை இல்லய்யா. ரெண்டு கை. ஒண்ணு செத்த கை. அதைப் பிடிச்சு மேல இருந்து இன்னொரு கை எழுதுது."

"எப்படிச் சொல்லுதீங்க?"

"நான் அப்படித்தான எழுத்துப் படிச்சேன்."

அவள் புருஷன் சுடலைமுத்து நல்ல கொத்தனார். நாலு எழுத்து தெரிந்தவர். வாதம் வந்து வலது பக்கம் விழுந்த பிறகு, கட்டடத் தொழிலாளர் வாரியத்துக்கு மனு, ரேஷன் கடைக்கு மனு என்று எதற்கெடுத்தாலும் யாரையாவது கெஞ்ச வேண்டியிருந்தது. ஒரு நாள் அவர் விரல்களுக்குள் பேனாவைச் சொருகி, மேலே தன் கையைப் பொத்தி, "சொல்லுங்க, எங்க இழுக்கணும்?" என்றாள். அவர் குழறிக் குழறிச் சொல்லச் சொல்ல, அந்தக் கையை வண்டி தள்ளுவது போலத் தள்ளினாள். அப்படி ஒரு வருடத்தில் அவளுக்கு எழுத்து வந்தது. அவள் 'ச' போட்டுவிட்டுத் திரும்பி வரும்போதெல்லாம், "கொம்பு முதல்ல, புள்ள" என்று பாதி வாயால் சிரிப்பார்.

"அவரு போறதுக்குப் பத்து நாளைக்கு முன்னால, வீட்டை எழுதி வைக்கணும்னு ஆச்சு" என்றாள் ஜெபசிங்கிடம். "மக முப்பிடாதிக்குன்னு முன்னாடியே சொல்லியிருந்தாரு. அன்னைக்கின்னு பாத்து வாய் சுத்தமா எழும்பலை. கொழுந்தனார் ரெண்டு பேரும் முன்னால உக்காந்திருக்காங்க. நான் கையைப் பிடிச்சு எழுதினேன். எம்பேரை நான் எழுதலை. எழுதினா என்ன சொல்லுவாங்க? செத்த கையைப் பிடிச்சுத் தனக்குத்தானே எழுதிக்கிட்டாம்பாங்க. ஏற்கனவே கடைசில பேனா வழுக்கி ஒரு கிறுக்கல் விழுந்துட்டு, மூத்த கொழுந்தனாரு அதுக்கே மூக்கைச் சுழிச்சாரு."

உறையை மெல்லக் கழற்றினாள்.

"அதெல்லாம் சரி. ஆனா அந்த மனுசன் உனக்கும் எழுதிக்கோன்னு ஒரு சாடை காட்டியிருக்கலாம். கண்ணையாவது அசைச்சிருக்கலாம். அது மட்டுந்தான் இன்னும் நெஞ்சுல கெடக்கு."

ஜெபசிங் கடிதத்தின் படத்தைப் பெரிதாக்கினான். "சரி, மேல்கை யாரா இருக்கும்?"

"துணி தைக்கிற ஆளு. ஒவ்வொரு எழுத்தும் முடியிற எடத்துல ஒரு சின்ன வெடுக்கு இருக்கு பாரு. நூலை இழுத்து முடிச்சுப் போடுத மாதிரி. படிச்ச எழுத்தும் இல்லை. ஒவ்வொண்ணா வரையுது. என்னை மாதிரிப் பிந்திப் படிச்ச கை."

அவன் மத்தியானம் முழுக்கச் சாப்பிடாமல் பழைய பதிவுகளைத் துழாவினான். நாலு மணிக்கு அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான்.

"அந்தப் பட்டியல்ல விட்டுப்போன பேருன்னு சொன்னேன்லா. டோர்கஸ். பைபிள்ல வர்ற பேருதான், நம்ம பக்கம் தொற்காள்னு வைப்பாங்க, எங்க பெரியம்மா பேரும் அதுதான். வீட்டுத் தையல்காரி. கடைசி ரெண்டு வருசம் கார்வெல் கை கால் விளங்காம படுக்கைல கெடந்தப்ப அவள்தான் பாத்துக்கிட்டா. தன்னைப் பாத்துக்கிட ஆள் வேணும்னு அவளை மட்டும் அந்தக் கிழவர் விடலை, சுயநலம், அப்படின்னுதான் இத்தனை வருசமா எழுதியிருக்காங்க. அடிமைங்க எழுத்துப் படிச்சா அங்க தண்டனை. அதனால அவளுக்கு எழுதத் தெரியும்னு ஒருத்தருக்கும் தோணலை."

"நான் எம்பேரை விட்ட மாதிரிதான் அவளும் தன் பேரை விட்டிருக்கா" என்றாள் செண்பகவல்லி. "அந்தப் பேரு இருந்தா, யார் எழுதினான்னு தெரிஞ்சிரும். எல்லார் விடுதலையும் செல்லாமப் போயிரும்."

"அந்தக் கோடு?"

"அவ போடலை. அது அடியில இருந்து வந்துச்சு. வெடுக்கு இல்லை."

ஜெபசிங் ஒரு தாளில் ஆங்கிலத்தில் ஒரு எழுத்தை எழுதிக் காட்டினான். முதலில் மேலிருந்து கீழாக, கொஞ்சம் வளைந்து ஒரு கோடு. பிறகு அதைச் சுற்றி ஒரு வட்டம். "டோர்கஸ்ங்கிற பேருக்கு இதுதான் முதல் எழுத்து. ஆனா இப்படி ஆரம்பிக்கிற எழுத்து இன்னும் நாலஞ்சு இருக்குக்கா. உறுதியாச் சொல்ல முடியாது."

"இத்தனை பேரு எழுதின பெறகு, வேற யாரு பேரை அந்தக் கை எழுதப் பாக்கும்?"

"அப்போ நல்ல மனுசன்தான்கிறீங்களா?"

"கை நல்லா இருந்தப்ப அத்தனை வருசமும் எழுதலையே. தழும்பை எல்லாம் எண்ணி எண்ணி எழுதினாருல்லா." அவள் உறையை மடித்து வைத்தாள். "எழுத மாட்டாத கையால ஒரு கோடு போட்டிருக்காரு. ரெண்டும் அவருதான்."

அவள் என்ன எழுதித் தரப் போகிறாள் என்பது மானேஜர் கோமதிநாயகம் வரைக்கும் போனது. கெட்ட மனிதர் இல்லை. நாற்காலியை அவரே இழுத்துப் போட்டு உட்காரச் சொன்னார்.

"செண்பகம், ஜூலை நாலாம் தேதி அங்க திறப்பு விழா. நாட்டோட பொறந்தநாள். கார்வெல் உருவம் எந்திரிச்சு அந்த வரியைச் சொல்லணும். அதுக்காகத்தான் அத்தனை பேரும் வருதாங்க. ரெண்டு கைன்னு நீங்க எழுதினா சட்டப்படி அந்தக் கடுதாசியை ஊட்ட முடியாது. அந்த வரியே அவர் வாயில வராது."

"அவரு எழுதலையே சார்."

"அவர் பேரு போட்டதாலதான் அந்த வரியைப் பிள்ளைங்க படிக்குது. அவர் எழுதலைன்னா அந்த வரிக்கே மரியாதை போயிரும்மா."

"எழுதினவளுக்கு வரும்லா."

கோமதிநாயகம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அவங்க வேலையை வேற எடத்துக்குக் கொண்டு போயிருவாங்க. அப்படி ஆச்சுன்னா உறை வேலை உங்களுக்கு இருக்காது. மறுபடி தொடப்பந்தான். நான் மிரட்டலை. உள்ளதைச் சொல்லுதேன்."

அவள் பிறந்ததிலிருந்து உட்கார்ந்து பார்த்த முதல் வேலை அது. காற்றாடிக்குக் கீழே, நாற்காலியில், இடுப்புக்கு ஒரு தலையணை வைத்து. அதை நினைத்துக்கொண்டேதான் படிவத்தை வாங்கினாள். 'ஒரே கை' என்ற கட்டத்தில் ஒரு டிக் போட்டால் முடிந்தது. கீழே குறிப்பு எழுத நாலு வரி இடம் இருந்தது. அதில் இதுவரை யாரும் எதுவும் எழுதியதில்லை.

அவள் எழுதினாள். அரை மணி நேரம் ஆயிற்று. கோமதிநாயகம் ஒரு காப்பி குடித்து முடித்து, இரண்டாவதும் குடித்துவிட்டார்.

'இது இரண்டு கை. மேல்கை தையல்காரி கை. எழுதியது அவள். கீழ்க்கை பெரியவர் கை. கடைசியில் ஒரு கோடு போட்டார். அந்தக் கோடு மட்டும் அவர் கை.'

கீழே இடம் விட்டு 'ச' போட்டாள். திரும்பி வந்து கொம்பு போட்டாள்.

மானேஜர் படித்தார். "கோட்டை ஏன் எழுதினீங்க? ரெண்டு கைன்னு நிறுத்தியிருந்தா, கடுதாசியையே ஓரமா வச்சிட்டு மத்ததைப் பேச வச்சிரலாம். அவர் கைன்னு ஆனதை விட்டுரச் சட்டம் விடாது, இப்போ இந்தக் கோட்டை ஊட்டியாகணும். உருவம் அதை வச்சு என்ன பேசும்னு யாருக்குத் தெரியும்?"

"போட்டவரு போட்டுட்டாரு சார். இல்லைன்னு எப்படிச் சொல்ல?"

ஜெபசிங் அன்று மாலையே எல்லாவற்றையும் அனுப்பிவிட்டான். அவள் குறிப்பை ஆங்கிலத்தில் ஒரு வார்த்தை கூட்டாமல் குறைக்காமல் மாற்றியிருந்தான். அங்கிருந்து கோபமாக வந்த அழைப்புகள் எல்லாவற்றுக்கும் கோமதிநாயகமே பதில் சொன்னார். சட்டத்தைக் காட்டினார். ஒருமுறை கதவு திறந்திருந்தபோது, "எங்க ஆளு தப்பாச் சொல்ல மாட்டாங்க" என்று அவர் சொன்னது அவள் காதில் விழுந்தது.

ஜூலை நாலாம் தேதி நடந்த திறப்பு விழாவை மறுநாள் காலை எல்லோரும் திரையில் பார்த்தார்கள். பெரிய மண்டபம். நாற்காலியில் வெள்ளைத் தலைமுடியோடு எலியாஸ் கார்வெல். குடியரசைப் பற்றி, மழையைப் பற்றி, செத்துப்போன மகளைப் பற்றி அழகாகப் பேசினார். கூட்டத்தில் ஒரு கறுப்புப் பெண்மணி எழுந்து, சுவரில் வெட்டியிருந்த வரியைக் காட்டி எதையோ கேட்டாள்.

"அதை எழுதினப்ப என்ன நெனச்சீங்கன்னு கேக்கா" என்றான் ஜெபசிங்.

உருவம் சுவரைப் பார்த்தது. ரொம்ப நேரம் பார்த்தது.

"அது நான் எழுதியது அல்ல." ஜெபசிங் மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தான். "அந்தத் தாளில் என்னுடையது ஒரு கோடு மட்டும்."

"வேறு யார் எழுதினார்கள்?" என்று அந்தப் பெண்மணி கேட்டாள்.

உருவம் நாற்காலியின் கைப்பிடியிலிருந்து வலது கையை எடுத்தது. காற்றில் மேலிருந்து கீழாக, கொஞ்சம் வளைத்து, ஒரு கோடு இழுத்தது. அதற்கு மேல் என்ன என்று உருவத்துக்குத் தெரியவில்லை. கை அங்கேயே நின்றது. அந்தப் பெண்மணி கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முன்னால் போய், தன் விரலால் அந்தக் கோட்டைச் சுற்றிக் காற்றிலேயே வட்டத்தைப் போட்டு எழுத்தை முடித்தாள்.

செண்பகவல்லி முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். வேலை கையைவிட்டுப் போனது. திங்கட்கிழமையிலிருந்து மறுபடி தரை துடைக்க வரச் சொன்னார் கோமதிநாயகம், முகத்தைப் பார்க்காமல். "அதுக்கென்ன சார், தெரிஞ்ச வேலைதான" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை காலை. ரேஷன் கார்டு வைத்திருந்த பிளாஸ்டிக் கவரிலிருந்து ஒன்பது வருடமாக எடுக்காத தாளை எடுத்து, வாசல் வெளிச்சத்தில் விரித்தாள். கோணல் மாணலான எழுத்து. 'எனக்குப் பிறகு என் வீடு என் மகள் முப்பிடாதிக்கு.' ஒவ்வொரு எழுத்திலும் அவள் தள்ளிய தள்ளு தெரிந்தது. அதற்குக் கீழே அந்தக் கிறுக்கல். கொழுந்தனார் மூக்கைச் சுழித்தது. பேனா வழுக்கிவிட்டது என்று அவள் சொன்னது.

ஒரு சின்னச் சுழி. சுழியிலிருந்து மேலே ஏறி, வலது பக்கமாக வளைந்து இறங்கும் ஒரு வால்.

கொம்பு.

முன்னால் எழுத்து இல்லை. பின்னாலும் இல்லை. தனியாக ஒரு கொம்பு, தன் வலது பக்கம் வெறுமையாக விட்டுக்கொண்டு நின்றது.

அவள் வாழ்க்கையில் ஒரு நாளும் கொம்பை முதலில் போட்டதில்லை.

செண்பகவல்லி தாளை மடியில் வைத்துக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். எதிர்வீட்டுக் குருவம்மா தண்ணீர்க் குடத்தோடு போகிறவள், "என்னக்கா, காலையிலேயே கண்ணு கலங்கியிருக்கு?" என்றாள்.

"ஒண்ணுமில்லளா. ஒருத்தரு சாடை காட்டினதை இப்பதான் பாத்தேன்."

உள்ளே போய்ப் பேனா எடுத்து வந்தாள். கொம்புக்குப் பக்கத்தில், அது விட்டு வைத்திருந்த இடத்தில், 'ச' போட்டாள். முதல் தடவையாக அது இரண்டாவதாக வந்தது.